மடிக்கணினி தொடங்கும்போது தானாகத் திறக்கும் நிரல்கள்: எங்கிருந்து வருகின்றன, எப்படிக் கண்டறிவது

மடிக்கணினியில் கடவுச்சொல்லை இட்டதும் முகப்புத்திரை வந்துவிடுகிறது. ஆனால் உலாவியைத் திறக்கச் சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை, விசிறி இரைகிறது, நாம் திறக்காத ஓர் அரட்டைச் செயலி நடுத்திரையில் வந்து நிற்கிறது, அதை மூடுவதற்குள் வேறொரு நிரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்கிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, விண்டோஸில் இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பட்டியலில் இருப்பதையெல்லாம் முடக்கிவிடுவது. அது பாதிப் பலன்தான் தருகிறது. முடக்கிய நிரல் சில நாட்களில் மறுபடியும் திறக்கத் தொடங்குகிறது; பட்டியலிலேயே காணப்படாத ஒன்று ஒவ்வொரு முறையும் வருகிறது; சில வேளைகளில் தொடுதளத்தின் இருவிரல் உருட்டலோ ஒலிக் கட்டுப்பாடோ வேலை செய்யாமற்போகிறது.

இவை வெவ்வேறு கோளாறுகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். ஒரு நிரல் தானாகத் தொடங்குவதற்கு இயங்குதளத்தில் ஒரேயொரு வழி என்று எதுவும் இல்லை. பல வழிகள் உள்ளன. அவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காக உண்டாக்கப்பட்டவை. டாஸ்க் மேனேஜரின் பட்டியல் அவற்றுள் சிலவற்றை மட்டுமே காட்டுகிறது. ஆகவே எதை முடக்குவது என்று கேட்பதற்கு முன்னால், தொல்லை தரும் நிரல் எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு முதல் தடயம் அந்த நிரல் எப்போது தலைகாட்டுகிறது என்பதே: உள்நுழைவுத் திரைக்கு முன்பா, உள்நுழைந்த உடனேயா, அல்லது சில நிமிடங்கள் கழித்தா. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

இத்தனை வழிகள் ஏன் என்பதற்கு வரலாறு பதில் சொல்கிறது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்தில் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு உரைக்கோப்புகள் போதுமானவையாக இருந்தன. கணினி தொடங்கும்போது அவற்றிலுள்ள வரிகள் வரிசையாக நிறைவேற்றப்பட்டன, எதை நீக்க வேண்டுமோ அந்த வரியை அழித்தால் முடிந்தது. தொடக்ககால விண்டோஸ் பதிப்புகளில் வின்.ஐஎன்ஐ கோப்பில் இதற்கென இரண்டு வரிகள் இருந்தன. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 ஸ்டார்ட்அப் என்ற குழுவைச் சேர்த்தது. 1995-இல் வந்த விண்டோஸ் 95 அதை ஸ்டார்ட் மெனுவுக்குள் ஒரு கோப்புறையாக்கியதோடு, ரெஜிஸ்ட்ரி எனும் மைய அமைப்புக் களஞ்சியத்திலும் தானியங்குப் பதிவுகளுக்கு இடம் அளித்தது. விண்டோஸ் என்டி வழியாகச் சர்வீஸ்கள் எனப்படும் பின்னணி நிரல்கள் வந்தன. பின்னர் குறித்த நேரத்தில் பணிகளைச் செய்யும் டாஸ்க் ஷெட்யூலர் வந்தது. புதிய வழி வந்தபோது பழைய வழி மூடப்படவில்லை. மூடினால் பழைய மென்பொருள்கள் இயங்காமல் போகும் என்பதால் எல்லாமே அருகருகே நீடித்தன. அந்த முடிவு தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சுமை இன்று சாதாரணப் பயனரின் தலையில் விழுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று கட்டங்கள்

முதற்கட்டம் உள்நுழைவுக்கு முந்தையது. வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களும், தொடக்க வகை தானியங்கி என்று குறிக்கப்பட்ட சர்வீஸ்களும் இப்போதே எழுகின்றன. இவற்றுக்குச் சாளரம் கிடையாது. எனவே திரையில் எதையும் திறந்து காட்டுவதில்லை. ஆனால் உள்நுழைவுத் திரை வருவதற்கே அதிக நேரம் பிடித்தால் சந்தேகம் இவற்றின்மேலோ, இவற்றுக்கும் முந்தைய பயாஸ் எனப்படும் வன்பொருள்நிலை மென்பொருளின்மேலோ விழ வேண்டும். ஸ்டார்ட்அப் பட்டியலின்மேல் அல்ல. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் வலது மேல் மூலையில் கடைசி பயாஸ் நேரம் என்று ஒரு எண் வினாடிக் கணக்கில் காட்டப்படும். கணினியை இயக்கியபின் விண்டோஸ் தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கழிந்த நேரம் அது. அந்த எண் பெரிதாக இருக்குமானால் எந்த நிரலை முடக்கினாலும் அந்த வினாடிகள் குறையப்போவதில்லை. இந்த ஓர் எண்ணைப் பார்க்காமலேயே பலர் பட்டியலை வெட்டித் தள்ளுகிறார்கள்.

இரண்டாவது கட்டம் உள்நுழைந்த நொடியில் தொடங்குகிறது. முகப்புத்திரையையும் பணிப்பட்டையையும் வழங்கும் எக்ஸ்ப்ளோரர் நிரல் எழுந்தபின், ரெஜிஸ்ட்ரியில் ரன் என்ற பெயரிலுள்ள பகுதிகள், ஸ்டார்ட்அப் கோப்புறைகள், உள்நுழைவைத் தூண்டுகோலாகக் கொண்ட ஷெட்யூலர் பணிகள் ஆகியவற்றிலுள்ள நிரல்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. ரன் பகுதி இரண்டு மட்டங்களில் உண்டு: ஒன்று இப்போது நுழைந்துள்ள பயனருக்கு மட்டும் உரியது, மற்றது அந்தக் கணினியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் பொதுவானது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரல்களுக்குத் தனியாக ஒரு கிளையும் இருக்கிறது. இப்பகுதியில் உள்ள நிரல்கள் எந்த வரிசையில் தொடங்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு நாள் முதலில் வந்த சாளரம் மறுநாள் கடைசியில் வந்தால் அதைக் கோளாறாகக் கருத வேண்டியதில்லை. ரன்ஒன்ஸ் என்பது ஒரே ஒரு முறை இயங்கி அழிந்துவிடும் பதிவுகளுக்கானது. மென்பொருளை நிறுவியபின் ரீஸ்டார்ட் கேட்கப்பட்டு, அடுத்த உள்நுழைவில் மீதி வேலை நடப்பது பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

மூன்றாவது கட்டம்தான் அதிகம் குழப்புவது. திரை வந்து, வேலையையும் தொடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணும்போது வட்டின் விளக்கு திடீரென்று மின்னத் தொடங்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து தாமதித்த தானியங்கித் தொடக்கம் என்று ஒரு வகை சர்வீஸ்களுக்கு உண்டு. அவை மற்ற தானியங்கிச் சர்வீஸ்கள் எழுந்து 120 வினாடிகள் கழிந்த பிறகே, இயல்பான அமைப்பின்படி, தொடங்குகின்றன. ஷெட்யூலர் பணிகளுக்கும் உள்நுழைவுக்குப்பின் இத்தனை நிமிடம் காத்திரு என்று தாமதம் வைக்கலாம். மேகக்கணிக் கோப்பு ஒத்திசைவு, தானியங்கிப் புதுப்பிப்பு, வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனை ஆகியவை இந்தக் கட்டத்தில் வருபவை. கறுப்புப் பின்னணியுள்ள ஒரு கட்டளைச் சாளரம் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறைகிறதென்றால், ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்ப்பதைவிட டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, கடைசியாக இயங்கிய நேரம் என்ற நெடுவரிசையை அந்தச் சாளரம் வந்த நேரத்தோடு ஒப்பிடுவதே விரைவான வழி.

பட்டியல் காட்டுவதும் காட்டாததும்

விண்டோஸ் 7 வரை தானியங்கு நிரல்களை முடக்க எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறக்க வேண்டியிருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அந்தப் பட்டியலை டாஸ்க் மேனேஜருக்குக் கொண்டுவந்தது. 2018-இல் வெளியான விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதன்கீழும் அது கிடைக்கிறது. ரன் பகுதிகளிலும் ஸ்டார்ட்அப் கோப்புறைகளிலும் உள்ள நிரல்களும், ஸ்டோர் வழியாக வந்த செயலிகளில் தானியங்கு உரிமை கேட்டவையும் இதில் தெரியும். சர்வீஸ்கள் தெரியா; ஷெட்யூலர் பணிகள் தெரியா; டிரைவர்களும் எக்ஸ்ப்ளோரருக்குள் தம்மைச் செருகிக்கொள்ளும் துணைநிரல்களும் தெரியா.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே தாக்கம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று குறிக்கப்பட்டிருக்கும். இதை வெறும் மதிப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதற்குத் தெளிவான அளவுகோல் உண்டு. தொடக்கத்தின்போது ப்ராசஸரில் ஒரு வினாடிக்கு மேலோ, வட்டில் 3 எம்பிக்கு மேலோ பயன்படுத்தும் நிரல் அதிகத் தாக்கம் உடையது. ப்ராசஸரில் 300 மில்லிவினாடிக்கும், வட்டில் 300 கேபிக்கும் உட்பட்டதே குறைந்த தாக்கம் உடையது. இடைப்பட்டவை நடுத்தரம். இந்த எல்லைகளைப் பார்த்தாலே ஒன்று புரியும்: இன்றைய செயலிகள் ஏறத்தாழ எதுவானாலும் 3 எம்பியை எளிதில் தாண்டிவிடும், எனவே அதிகம் என்ற சொல்லைக் கண்டதும் அந்த நிரல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. சுழலும் வட்டைக் கொண்ட பழைய மடிக்கணினியில் அது உண்மையாகவே சுமை. வட்டின் முள் இங்குமங்கும் ஓடிச் சிறு சிறு துண்டுகளாகப் படிக்க வேண்டியிருப்பதால், பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு எல்லாமே நிற்கும். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினியில் அதே பத்து நிரல்களைப் பயனர் கவனிக்காமலேயே போகலாம். அங்கே நினைவகப் பற்றாக்குறையே பெரும்பாலும் கவலைக்குரியது.

நெடுவரிசைத் தலைப்பில் வலது சொடுக்கிட்டால் இயல்பாக மறைந்திருக்கும் சில விவரங்களையும் கொண்டுவரலாம். அவற்றுள் கட்டளை வரி என்பதை எப்போதும் காட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர் பொய் சொல்லலாம். கோப்பு இருக்கும் முழுப்பாதை அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பட்டியலில் சில வேளை காணப்படும் புரோகிராம் என்ற பதிவு. சின்னம் இருக்காது, வெளியீட்டாளர் பெயர் இருக்காது. பார்ப்பவர் தீநிரல் என்று அஞ்சுகிறார். கட்டளை வரியைக் காட்டச் சொன்னால் உண்மை வெளிப்படும். சி வட்டிலுள்ள புரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறையைச் சுட்டும் பாதை மேற்கோள்குறிக்குள் இடப்படாமல் எழுதப்பட்டிருக்கும். பெயரின் நடுவே இடைவெளி இருப்பதால் விண்டோஸ் அதை முதல் சொல்லோடு வெட்டிப் புரோகிராம் என்று காட்டுகிறது. பெரும்பாலும் அந்தக் கோப்பே இப்போது இருக்காது. மென்பொருளை நீக்கியபோது பதிவு மட்டும் தங்கியிருக்கும். அச்சத்துக்கு இடமில்லை, ஆனால் அந்தப் பதிவை ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

இதைப் போன்ற இன்னொரு எச்சம், உள்நுழைந்ததும் ரன்டிஎல்எல் என்ற தலைப்போடு வரும் பிழைச்செய்தி. குறிப்பிட்ட மாட்யூலை, அதாவது நிரலின் ஒரு கோப்பை, காணவில்லை என்று அது சொல்லும். வைரஸ் தடுப்பு மென்பொருள் தீங்கான கோப்பை அழித்துவிட்டது, அல்லது மென்பொருளை நீக்கியபோது கோப்பு போய்விட்டது. ஆனால் அதைத் தொடங்கச் சொல்லும் ரன் பதிவோ ஷெட்யூலர் பணியோ அப்படியே இருக்கிறது என்பதே இதன் பொருள். காணாமற்போன கோப்பின் பெயரை இணையத்தில் தேடிப் பதிவிறக்கிச் சேர்ப்பது இதற்கான மருந்து அல்ல; போன நோயை மறுபடியும் வீட்டுக்குள் அழைத்துவருவதாகவே அது முடியலாம். செய்தியில் உள்ள கோப்புப்பெயரைக் கொண்டு, அதைக் கூப்பிடும் பதிவைக் கண்டுபிடித்து அந்தப் பதிவை அகற்ற வேண்டும்.

முடக்கியது ஏன் திரும்புகிறது

டாஸ்க் மேனேஜரில் ஒன்றை முடக்கும்போது ரன் பகுதியிலுள்ள பதிவு அழிவதில்லை. ஸ்டார்ட்அப்அப்ரூவ்ட் என்ற வேறொரு பகுதியில், இன்ன பெயருடைய பதிவுக்கு அனுமதி இல்லை என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் ரன் பதிவைப் படிக்கும்போது இந்தக் குறிப்பையும் பார்த்துவிட்டு அந்த நிரலைத் தாண்டிச் செல்கிறது. இந்தச் சிறு நுட்பம் நடைமுறையில் மிக முக்கியமானது. பதிவை நேரடியாக அழித்துவிட்டால், அந்த மென்பொருள் அடுத்த முறை திறக்கும்போதோ புதுப்பிக்கப்படும்போதோ பதிவைக் காணாமல் மறுபடியும் எழுதிவிடும். தடைக்குறிப்பு எதுவும் இல்லாததால் அது தடையின்றி இயங்கும். முடக்கி மட்டும் வைத்திருந்தால், மென்பொருள் அதே பெயரில் எத்தனை முறை எழுதினாலும் தடை நீடிக்கும். எனவே பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளின் பதிவை அழிக்காமல் முடக்குவதே சரி. ஏற்கெனவே நீக்கிவிட்ட மென்பொருளின் எச்சத்தை மட்டுமே அழிக்க வேண்டும்.

அப்படி முடக்கியும் திரும்பினால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். புதுப்பிப்பின்போது பதிவின் பெயர் மாறியிருக்கலாம். பெயர் மாறினால் பழைய தடை புதியதற்குப் பொருந்தாது. அதே மென்பொருள் ரன் பகுதியோடு ஷெட்யூலரிலும் ஒரு பணியை வைத்திருக்கலாம். அல்லது மென்பொருளின் சொந்த அமைப்பிலேயே கணினியோடு தொடங்கு என்ற தேர்வு இயக்கத்தில் இருந்து, அது தன் பதிவைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டிருக்கலாம். இதனால்தான் முதலில் மென்பொருளின் அமைப்புகளுக்குள் சென்று அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, அதன் பிறகே டாஸ்க் மேனேஜருக்கு வர வேண்டும். உலாவிகளில் இது இன்னும் நுட்பமானது: குரோமில் சாளரத்தை மூடியபின்னும் பின்னணிச் செயலிகளை இயங்கவிடும் அமைப்பு ஒன்று உண்டு; எட்ஜில் ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்ற அமைப்பு உலாவியின் அடிப்படைப் பகுதிகளை முன்கூட்டியே எழுப்பி வைக்கிறது. ஸ்டோர் செயலிகள் இந்த விஷயத்தில் ஒழுங்கானவை. பயனர் முடக்கிவிட்ட ஒன்றைச் செயலி தானாக மீண்டும் இயக்கிக்கொள்ள இயங்குதளம் விடுவதில்லை. எல்லா நிரல்களுக்கும் இந்த விதியே பொருந்தியிருக்க வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாமல் முந்தைய நாள் திறந்திருந்த நிரல்கள் அப்படியே மீண்டும் திறக்குமானால், அது தானியங்குப் பதிவின் வேலையே அல்ல. தன்னை மீண்டும் தொடங்குமாறு முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளும் வசதி செயலிகளுக்கு உண்டு. விண்டோஸ் 10 அதைப் பயன்படுத்தி, ஷட் டவுனுக்குமுன் திறந்திருந்தவற்றை மறுமுறை திறக்கத் தொடங்கியது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்பதன்கீழ், உள்நுழைவுத் தேர்வுகள் பக்கத்தில் இதற்கான பொத்தான் இருக்கிறது. அதை அணைத்தால் சிக்கல் அதோடு தீரும்.

சோதிக்கும் முறையைப் பற்றியும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு பெரும்பாலான மடிக்கணினிகளில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் பயனரின் அமர்வு மட்டுமே மூடப்படுகிறது. இயங்குதளத்தின் உட்கருவும் டிரைவர்களும் சர்வீஸ்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுமுறை அங்கிருந்து எழுப்பப்படுகின்றன. ஆகவே ஒரு சர்வீஸின் தொடக்க வகையை மாற்றிவிட்டு, கணினியை ஷட் டவுன் செய்து இயக்கிப் பார்த்து, மாற்றம் ஒன்றும் இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் ப்ராசஸரின்கீழ் காட்டப்படும் இயங்கு நேரம் பல நாட்களாக நீண்டிருப்பதைக் கண்டால், தினமும் ஷட் டவுன் செய்தும் கணினி முழுமையாகத் தொடங்கவே இல்லை என்று அறிந்துகொள்ளலாம்.

முழுப்பட்டியலும் பாதிப்பாதியாகத் தேடுவதும்

எல்லா வழிகளையும் ஒரே இடத்தில் காட்டும் கருவி ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியபின் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முதன்முறை திறப்பவருக்கு அது தரும் பட்டியலின் நீளமே மலைப்பாக இருக்கும். மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைக்கும் தேர்வை இயக்கிவிட்டால் பிற நிறுவனங்களுடையவை மட்டும் மிஞ்சும். மஞ்சள் நிறமிட்டவை கோப்பு இல்லாத எச்சங்கள். இளஞ்சிவப்பு நிறமிட்டவை வெளியீட்டாளரின் கையொப்பம் சரிபார்க்கப்படாதவை. பெயருக்கு முன்னுள்ள குறியை எடுத்தால் பதிவு முடக்கப்படும். மறுபடி குறியிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். கணினி நன்றாக இருக்கும்போதே இந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து வைக்குமாறு வற்புறுத்திச் சொல்வேன். பின்னொரு நாள் சிக்கல் வரும்போது அப்போதைய நிலையை அந்தக் கோப்போடு ஒப்பிடும் வசதி ஆட்டோரன்ஸிலேயே உள்ளது. இடையில் புதிதாக நுழைந்தது எது என்பது அதில் தனித்துத் தெரியும்.

குற்றவாளி யாரென்று எந்தத் தடயமும் இல்லாதபோது கிளீன் பூட் எனப்படும் முறை உதவும். எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, ஸ்டார்ட்அப் நிரல்களையும் முடக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மறைக்கும் குறியை இடாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் விண்டோஸுக்கே தேவையான சர்வீஸ்களும் நின்றுபோகும். இதில் கவனம் வேண்டும். சிக்கல் மறைந்துவிட்டால் நிறுத்தியவற்றுள் பாதியை மட்டும் இயக்கி மீண்டும் பார்க்க வேண்டும்; திரும்பி வந்தால் குற்றவாளி இந்தப் பாதியில், வராவிட்டால் அந்தப் பாதியில். ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவு மேலானது என்பதற்குக் கணக்கே சாட்சி: 32 பதிவுகள் இருந்தாலும் ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றில் வந்து நிற்கும். சிக்கல் கிளீன் பூட்டிலும் நீடித்தால் டிரைவரையோ வன்பொருளையோ நோக்கித் திரும்ப வேண்டும்.

மெதுவாகிவிட்டது என்பது உணர்வா உண்மையா என்று அறிய, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர் இருக்கிறது. அதில் விண்டோஸ் பகுதியின்கீழ் டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்ற பதிவேட்டைத் திறந்தால், 100 என்ற எண்ணுடைய நிகழ்வுகளில் கணினி தொடங்க எடுத்த நேரம் மில்லிவினாடியில் எழுதப்பட்டிருக்கும். முகப்புத்திரை வரும் வரையிலான நேரமும், அதன்பின் கணினி அமைதி அடையும் வரையிலான நேரமும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். இரண்டாவது எண் மட்டும் பெரிதாக இருந்தால் குற்றம் பெரும்பாலும் உள்நுழைவுக்குப் பின் வருபவற்றுடையது. வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்த நிரல் 101 என்ற எண்ணிலும், டிரைவர் 102-இலும், சர்வீஸ் 103-இலும் பெயரோடு பதிவாகின்றன. இவ்வளவு பயனுள்ள பதிவேடு மெனுக்களின் ஆழத்தில் கிடப்பது வருத்தத்திற்குரியது.

தீநிரல்களும் இதே வழிகளைத்தான் பயன்படுத்துகின்றன. தாக்குதல் முறைகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் தொகுப்பில் தொடக்கத்திலோ உள்நுழைவிலோ தானே இயங்கும் உத்திக்கு டி1547 என்று தனி எண்ணே உண்டு; அதன் முதல் உட்பிரிவு ரன் பகுதிகளையும் ஸ்டார்ட்அப் கோப்புறையையும் பற்றியது. தற்காலிகக் கோப்புறையிலிருந்து இயங்கும் நிரல், விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொண்ட நிரல், நீளமான புரியாத எழுத்துக்கோவையோடு பவர்ஷெல் என்ற விண்டோஸின் கட்டளைக் கருவியைக் கூப்பிடும் பதிவு ஆகியவற்றைக் கண்டால் அவற்றை முடக்குவதோடு நிறுத்தாமல் முழுச் சோதனை நடத்த வேண்டும். பயனரின் செயலித் தரவுக்கான ஆப்டேட்டா கோப்புறையிலிருந்து இயங்குவது மட்டும் குற்றமாகாது. நன்கறியப்பட்ட அரட்டை, ஒத்திசைவுச் செயலிகள் பலவும் அங்கேதான் நிறுவப்படுகின்றன.

மேக், லினக்ஸ்

ஆப்பிள் 2005-இல் வெளியிட்ட டைகர் பதிப்பிலிருந்து தானியங்குத் தொடக்கத்தை லாஞ்ச்டி என்ற ஒரே மேலாளரிடம் ஒப்படைத்திருக்கிறது. உள்நுழைந்தபின் பயனருக்காக இயங்குபவை லாஞ்ச் ஏஜென்ட்ஸ் கோப்புறைகளிலும், உள்நுழைவுக்கு முன்பே இயங்குபவை லாஞ்ச் டீமன்ஸ் கோப்புறையிலும் சிறு அமைப்புக்கோப்புகளாக இருக்கும். கீப்அலைவ் என்ற குறிப்பு அந்தக் கோப்பில் இருந்தால், நிரலை எத்தனை முறை மூடினாலும் லாஞ்ச்டி மறுபடி எழுப்பும். மூடினாலும் சாகாத நிரல் என்ற குறையின் காரணம் பெரும்பாலும் இதுவே. 2022-இல் வந்த வென்சுரா பதிப்பு இவற்றையெல்லாம் லாகின் ஐட்டம்ஸ் என்ற பக்கத்தில் காட்டத் தொடங்கியது. புதிதாக ஒன்று சேரும்போது அறிவிப்பும் தருகிறது. அங்கே சில பதிவுகள் மென்பொருளின் பெயரில் இல்லாமல் அதை உருவாக்கியவரின் பெயரில் காணப்படும் என்பதால், அறியாத பெயரைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை.

லினக்ஸில் மேசைத்தள நிரல்கள் பயனரின் கான்ஃபிக் கோப்புறைக்குள் உள்ள ஆட்டோஸ்டார்ட்டிலிருந்தும், அனைவருக்கும் பொதுவான எக்ஸ்டிஜி ஆட்டோஸ்டார்ட் கோப்புறையிலிருந்தும் தொடங்குகின்றன. பொதுக் கோப்பைத் தொடாமல், அதே பெயரில் தன் கோப்புறையில் ஒரு கோப்பை வைத்து அதில் மறைக்குமாறு குறித்துவிட்டால் அந்தப் பயனருக்கு மட்டும் அது நின்றுவிடும். சிஸ்டம்டி-அனலைஸ் கருவி ஒவ்வொரு சர்வீஸும் எடுத்த நேரத்தைப் பட்டியலிடும். ஆனால் பல சர்வீஸ்கள் ஒரே சமயத்தில் எழுவதாலும், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதாலும், பட்டியலின் முதலிடத்தில் இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று கொள்ள முடியாது. எது எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலியைக் காட்டும் கட்டளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொடங்க வேண்டியது தொடங்காதபோது

இதன் மறுபக்கமும் உண்டு. அது பயனரை இன்னும் அதிகமாகச் சோர்வடையச் செய்வது. காலையில் தானாக எழ வேண்டிய காப்புநகல் மென்பொருள் எழவில்லை. ஆனால் அதன் அமைப்பில் கணினியோடு தொடங்கு என்பது இயக்கத்திலேயே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, முன்பு எப்போதோ டாஸ்க் மேனேஜரில் அதை முடக்கினோமா என்பது. மேலே சொன்ன தடைக்குறிப்பு மென்பொருளின் விருப்பத்தைவிட வலியது. மென்பொருள் அதை அறியாமல் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து, அந்த நிரல் நிர்வாகி உரிமை கேட்பதா என்று பார்க்க வேண்டும். ரன் பகுதியிலிருந்து தொடங்கும் நிரலுக்கு உள்நுழைவின்போது அந்த உரிமை வழங்கப்படுவதில்லை. அனுமதி கேட்கும் சாளரம்கூட வராமல் அது விடுபட்டுப்போகும். இப்படிப்பட்டவற்றை டாஸ்க் ஷெட்யூலரில் உள்நுழைவுப் பணியாக, உயர்ந்த உரிமைகளோடு இயக்கு என்ற குறியிட்டு அமைக்க வேண்டும். அங்கேயும் மடிக்கணினிக்கென்றே ஒரு தடை காத்திருக்கிறது. புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு பணியிலும் நிபந்தனைகள் என்ற பக்கத்தில், கணினி மின்இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற குறி இயல்பாகவே இடப்பட்டிருக்கும். பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற குறியும் அதனடியில் இருக்கும். மேசையில் இணைப்போடு வைத்துச் சோதிக்கும்போது பணி ஒழுங்காக நடக்கும். வெளியே எடுத்துச் சென்று பேட்டரியில் இயக்கினால் பிழைச்செய்தி எதுவுமின்றி நடக்காமல் போகும். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்று சொல்லப்படும் குறைகளை ஆராயும்போது இந்த இரண்டு குறிகளையும் முதலில் பார்ப்பது நல்லது.

நிரலோ அதற்குத் தேவையான கோப்போ வலையமைப்பு வட்டில் இருந்தால் வேறொரு காரணமும் உண்டு. உள்நுழைந்த நொடியில் வைஃபை இணைப்பு இன்னும் உருவாகியிருக்காது; அந்த வட்டு இல்லாததால் நிரல் தொடங்காமலே நின்றுவிடும், பின்னர் இணைப்பு வந்தாலும் யாரும் அதை மறுபடி அழைப்பதில்லை. ரன் பதிவை நீக்கிவிட்டு அதையே ஷெட்யூலர் பணியாக்கி, தூண்டுகோலில் ஒரு நிமிடத் தாமதம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவும் போதாதபோது நிரலின் கோப்பை உள்வட்டுக்கு நகர்த்தி, தரவை மட்டும் வலையமைப்பில் விட்டுவைக்கலாம்.